இறங்குற இடம் வந்தா கூப்பிடுறேன்

கண்டக்டருக்கு அடக்கம் என்கிற குணம் பிறவியிலேயே கிடையாது. தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த வேலையையும் அவரே பார்த்துக்கொள்வார். "என் வண்டியில ஏறின ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, இறங்குற இடத்தைத் தவறவிட்டேன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்று எதிரில் இருப்பவரிடம் சவால் விடுவார். யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரில் இருப்பவர்கள் அவர் வண்டியில் போனவர்களே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனாலும் அது பொய் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது "அந்த இடம் வந்தா கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் போதும், கூட்டம் பிதுங்கி வழிந்தாலும் கண்டக்டர் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வார். "வந்தா நானே கூப்பிடுறேன், நிம்மதியா உக்காருங்க" என்பார். தூங்குகிறவர்களைத் தோளில் தட்டி எழுப்புவார். அரைத் தூக்கத்தில் இறங்கியவர் குடையை மறந்துவிட்டால் ஜன்னல் வழியாக நீட்டுவார். பிறகு ஒரு நாள், கண்டக்டர் இல்லாமலே வண்டி ஓட்டலாம் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றிவிட்டது. ஏறும்போதே கருவியில் அட்டையைக் காட்டினால் போதுமாம். நிறுத்தம் வந்தால் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சொல்லுமாம்.

"சொல்லும். தூங்குறவனை யாரு தட்டி எழுப்புறது?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? சமையலறையில் நின்றுகொண்டு, "அந்தப் பாத்திரத்தை உள்ள தள்ளு, நடுவுல எடமிருக்கு" என்று மனைவிக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள், நாலு தெரு தள்ளியிருந்த முதியோர் இல்லத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று எங்கிருந்தோ செய்தி கொண்டுவந்தாள். இல்லத்துக்கு ஆள் தேவைப்பட்டதைவிட, வீட்டைவிட்டு இவர் கிளம்ப வேண்டியது அவளுக்கு அதிகம் தேவைப்பட்டது.

குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது, படுத்தவர்களைப் புரட்டிப் போடுவது. இதுதான் வேலை. முதல் வாரம் மனிதருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு மனைவியின் அண்ணன் வேறு ஒரு நாள் வந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "டிக்கெட் கிழிச்ச கையால இப்போ பெரிசுங்களுக்குக் கழுவி விடுறியா, மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தார். எதற்கும் பதில் வைத்திருக்கும் கண்டக்டர் தட்டைத் தள்ளி வைத்தார். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் வேலைக்கும் போய்விட்டார். அதுதான் அவர்.

போகப் போக வேலை கைக்கு வந்தது. யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் முதுகு வலிக்காது, யார் கையைப் பிடித்தால் நடப்பார், யார் கையைப் பிடித்தால் அடிப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்று. இல்லத்தின் தலைமை நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். வயதில் கண்டக்டரைவிடச் சின்னவர். அவர் ஒரு தடவை, "கண்டக்டர் அண்ணன் லீவு போட்டா மாடி வராந்தாவே சோறு திங்க மாட்டேங்குது" என்று யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்தது. அதை அன்றைக்கே மனைவியிடம் மூன்று தடவை சொன்னார்.

அந்த மாடி வராந்தாவில்தான் டெலிபோன் அம்மா இருந்தார். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஊரின் மறுகோடியில் இருந்துகொண்டு ஞாயிறு தவறாமல் வருவாள். சில ஞாயிறு அவளை மகள் என்று அம்மாவுக்குத் தெரியும். சில ஞாயிறு, எக்சேஞ்சில் கூட வேலை பார்த்தவள் என்று நினைத்துக்கொண்டு மேலதிகாரியைப் பற்றிப் புறம் பேசுவார். மகள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சாயங்கால டீ முடிந்ததும் டெலிபோன் அம்மாவுக்கு ட்யூட்டி முடிந்துவிடும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "வண்டி போயிடும். பாப்பா ஸ்கூல் விட்டு வந்து வாசல்ல தனியா நிப்பா." பாப்பாவுக்கே பேரக்குழந்தை இருக்கிறது என்று சொன்னால் கோபம்தான் வரும். அதனால் யாரும் சொல்வதில்லை. கண்டக்டர் கூடவே நடந்து தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கூட்டிவருவார். அதற்குள் எங்கே கிளம்பினோம் என்பது அம்மாவுக்கு மறந்து போயிருக்கும்.

அப்போதுதான் கொரோனா வந்து எல்லாவற்றையும் இழுத்து மூடியது. கேட்டுக்குப் பூட்டு. பார்வையாளர் யாரும் வரக்கூடாது. வேலை செய்கிறவர்களும் உள்ளேயே தங்க வேண்டும், விருப்பமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சிலர் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள். கண்டக்டர் மனைவிக்குப் போன் செய்து, உள்ளேயே தங்கப்போவதாகச் சொன்னார். அவள், "வேண்டாம்னு சொன்னா கேக்கவா போறீங்க? மாத்திரையை மறக்காமப் போடுங்க" என்றாள்.

எவ்வளவு பொத்திப் பொத்திக் காத்தும் மாடியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன இருவரில் ஒருவர்தான் திரும்பினார். திரும்பாதவர் வராந்தாக் கோடி அறைக்காரர், ரேடியோ ரிப்பேர் செய்து வாழ்ந்தவர். அவருக்குத் தினமும் முகம் மழித்துவிட்டது கண்டக்டர்தான். அந்த அறைக்குள் போய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்துப் படுக்கையை உருவிக் கழுவப் போட்டார்.

மாடியில் இருந்த எல்லாரும் பரிசோதனையில் தேறும் வரை அவரவர் அறையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு ஆயிற்று. மாடியை யார் பார்த்துக்கொள்வது என்று பெரிய சிஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் கண்டக்டர் கையைத் தூக்கிவிட்டார். தலை முதல் கால் வரை கவச உடை, கண்ணாடி, மாஸ்க். வாழ்நாள் முழுக்க "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று கத்தியவர், இப்போது "தள்ளி நில்லுங்க" என்று கத்த வேண்டியதாயிற்று. "எல்லாம் என் நேரம்" என்றார்.

மற்றவர்களை அறையில் இருக்க வைத்துவிடலாம். டெலிபோன் அம்மாவை எப்படி வைப்பது? டீ முடிந்ததும் கைப்பையோடு கிளம்பினார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். பிறகு உள்ளங்கையால் அடித்தார். "திறங்க! பாப்பா தனியா இருக்கா!" என்று தொண்டை கட்டும் வரை கத்தினார். மறுநாளும் அதே கதை. உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றிப் போயின.

வராந்தாவின் முனையில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் படிக்கட்டு, கீழே நோய் தொடாத மற்றவர்கள். பெரிய சிஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"டாக்டர் போன்ல சொல்லிட்டார்ணே. நாளைக்கும் இப்படியே இருந்தா தூக்க மாத்திரைதான். எனக்கும் மனசு வரல. ஆனா இவங்க வெளிய வந்து ஒவ்வொரு கதவா தொட்டுட்டுப் போனா, நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

சிஸ்டர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் முன்பு ஒருவர் அந்த மாத்திரையில் விழுந்ததைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். தலை மார்பில் தொங்கிவிட்டது. ஊட்டிய சோறு வாயிலேயே நின்றது. நடந்துகொண்டிருந்த மனிதர் படுத்தவர் படுத்தவர்தான். டெலிபோன் அம்மாவிடம் மிச்சம் இருப்பதே அந்த நடைதான். அதுவும் போய்விட்டால்?

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க சிஸ்டர்" என்றார். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் டீ முடிந்தது. அவர் உள்ளே போனபோது டெலிபோன் அம்மா பையும் கையுமாகக் கதவருகே நின்றிருந்தார். எதிரே நிற்பது மனிதனா மூட்டையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"வழியை விடுங்க. வண்டி போயிடும்."

கண்டக்டர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கை தன் பாட்டுக்குப் போய்க் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டது, வண்டியின் பக்கவாட்டில் தட்டுகிற மாதிரி. "ஏறுங்கம்மா, ஏறுங்க! படியில நிக்காதீங்க. உள்ள போங்க, ஜன்னல் சீட் காலியா இருக்கு. ரைட், போலாம்!"

டெலிபோன் அம்மா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். முகம் தெரியாவிட்டால் என்ன, குரல் தெரிந்த குரல். பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்டக்டர், வாட்டர் டேங்க் வந்தா கொஞ்சம் சொல்றீங்களா? பாப்பா நிப்பா."

"வந்தா நானே கூப்பிடுறேன். நிம்மதியா உக்காருங்க."

எத்தனையோ வருஷம் கழித்து அந்த வார்த்தை வாயில் வந்தது. கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கின் மேல் கண்ணாடி, கையில் உறை. துடைக்கக்கூட வழியில்லை.

வண்டி ஓடியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் நிறுத்தம் நிறுத்தமாகக் கூப்பிட்டார். மார்க்கெட், தபால் ஆபீஸ், பழைய பாலம், பெண்கள் பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரி நிறுத்தத்தை மட்டும் வழித்தடத்திலிருந்தே தூக்கிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஈ காக்கை கிடையாது. "ஏன் நகரவே மாட்டேங்குது?" என்று அம்மா கேட்டால், "சிக்னல்மா. இந்தச் சிக்னல் எப்பவுமே இப்படித்தான்" என்பார். நடுவில் ஒரு கிண்ணம் கஞ்சியும் உள்ளே போயிற்று. இருட்டும் நேரத்துக்கு அம்மாவுக்குப் போகிற இடம் மறந்து, தூக்கம் வந்தது. மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய சிஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

அடுத்த சில நாட்களில் வராந்தா முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர் அறையில் ஒரு மேஸ்திரி. ரேடியோக்காரர் போன நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், சாப்பாட்டைத் தொடவே இல்லை. ஒரு சாயங்காலம் அந்த அறையிலிருந்து அதட்டல் வந்தது. "யோவ் கண்டக்டர்! டீக்கடை ஸ்டாப்புல நிக்காமயே போறியே, வண்டி உங்க அப்பன் வீட்டு வண்டியா?"

திட்டு வாங்கியதில் இவ்வளவு சந்தோஷம் கண்டக்டருக்கு எப்போதும் வந்ததில்லை. "நிக்கும் மேஸ்திரி, நாளையிலேர்ந்து நிக்கும். தட்டைக் காலி பண்ணினவங்களுக்கு மட்டும்தான் டீ!" என்றார். தட்டு காலியாயிற்று.

டெலிபோன் அம்மாவின் மகளிடம் போனில் இதையெல்லாம் சொன்னபோது அவள் சிரித்தாள், பிறகு குரல் உடைந்தது. "எங்க ஸ்டாப் பேரையும் சொல்றீங்களா?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேம்மா. சொன்னா இறங்கிடுவாங்க. இறங்கினா அங்க நீங்க இருக்கணும். நீங்க நிக்கிற அன்னிக்குக் கூப்பிடுறேன். இது என் பொறுப்பு."

வாட்டர் டேங்க் என்ற வார்த்தை நாக்கில் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தார். ஆனால் சறுக்கியது வேறு இடத்தில். ஒரு நாள் நல்ல வெயில். கவச உடைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. தலை கிறுகிறுத்தது. வழித்தடத்தின் முடிவில், பழக்க தோஷத்தில், வாய் தானாகக் கூவிவிட்டது. "கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க! பை, குடை எல்லாம் பாத்து எடுத்துக்குங்க!" சொல்லிவிட்டு எச்சில் தட்டை எடுக்கத் திரும்பினார்.

டெலிபோன் அம்மா நல்ல பயணி. சொன்னபடி பையைப் பார்த்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கண்டக்டர் நிமிர்ந்தபோது நாற்காலி காலி, கதவு திறந்து கிடந்தது. அம்மா வராந்தாவில் வேகமாக நடந்து கண்ணாடிக் கதவு வரை போயிருந்தார். அதன் தாழ் மேலே கைவைத்தாயிற்று. அதைத் திறந்தால் படிக்கட்டு, கீழே அத்தனை பேர்.

"அம்மா, நில்லுங்க! அங்க போகக் கூடாது!"

அவர் திரும்பி நியாயமாகக் கேட்டார். "நீங்கதானே கடைசி ஸ்டாப்னு சொன்னீங்க? இறங்கச் சொல்லிட்டு இப்போ போகக் கூடாதுன்னா எப்படி?"

கண்டக்டர் பக்கத்தில் ஓடிப்போய் நின்றார். கையைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் இனி இந்த வண்டியில் ஏற மாட்டார். ஏறாவிட்டால் மாத்திரை. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படியேறி வந்தார் பெரிய சிஸ்டர். ஒரே பார்வையில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாழை அந்தப் பக்கத்திலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரி குரலை உயர்த்தினார்.

"அம்மா, வாட்டர் டேங்க் போகணுமா? அது தாண்டி வந்துட்டீங்களே! இதே வண்டி திரும்பிப் போகுது. சீக்கிரம் ஏறுங்க, சீட் போயிடும்."

டெலிபோன் அம்மா கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். "சொல்றேன்னீங்களே" என்றார். திரும்பி நடந்து, அறைக்குள் போய், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை கண்டக்டரைக் கிழித்துப் போட்டது. இத்தனை வருஷச் சவால் போயிற்று. ஒரு பயணி, அதுவும் இந்தப் பயணி, இறங்குற இடத்தைத் தவறவிட்டதாக நினைத்துவிட்டார். கண்ணாடிக் கதவருகே போய்த் தலை குனிந்து நின்றார். "என்னை மாத்திடுங்க சிஸ்டர். வேற யாரையாவது போடுங்க."

"மாத்தறதா? நீங்க போயிட்டா வண்டியை யார் ஓட்டறது?" என்றார் சிஸ்டர். "ஒண்ணு செய்ங்கண்ணே. கடைசி ஸ்டாப்பே இல்லாத வண்டியா மாத்திடுங்க. சுத்திச் சுத்தி வரட்டும். முதல்ல போய் ஒரு சொம்புத் தண்ணி குடிங்க, விழுந்து வைக்காதீங்க."

இத்தனை வருஷம் வண்டியில் நின்றவருக்கு இது தோன்றவில்லை பாருங்கள். அன்றிலிருந்து வண்டி சுற்று வண்டி ஆயிற்று. பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் மறுபடியும் மார்க்கெட். ரேடியோக்காரர் இருந்த கோடி அறைப் பக்கம் முகம் திரும்பும்போது மட்டும் கண்டக்டர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பரிசோதனையில் எல்லாரும் தேறினார்கள். வராந்தாக் கதவுகள் திறந்தன. மாடியில் அதற்கப்புறம் யாரையும் நோய் கொண்டுபோகவில்லை. டெலிபோன் அம்மா தன் காலாலேயே நடந்துகொண்டிருந்தார். இதில் பெருமைப்படாமல் வேறு எதில் பெருமைப்படுவது?

ஒரு தடவை மனைவி போனில் சொன்னாள், அண்ணன் வந்திருந்தாராம், பழையபடி ஏதோ கேட்டாராம். "'ஆமா, கழுவித்தான் விடுறார். நாளைக்கு உனக்கும் அப்படி ஒரு ஆள் கிடைச்சா அது உன் அதிர்ஷ்டம்'னு சொல்லி அனுப்பிட்டேங்க" என்றாள். கண்டக்டர் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

மாதங்கள் போயின. ஒரு வழியாகப் பார்வையாளர்கள் வரலாம் என்றார்கள். தோட்டத்தில் மட்டும், மாஸ்க் போட்டு, நடுவில் மேஜை போட்டு. முதல் நாளே மகள் வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் எழுந்து நின்றுகொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மாடியில் கண்டக்டர் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். முன்னே மாஸ்க் இல்லாதபோதே பாதி நாள் அம்மாவுக்கு அடையாளம் தெரியாது. இப்போது தலை இன்னும் நரைத்து, முகம் பாதி மூடி நிற்கிறாள். கூப்பிட்டு இறக்கிவிட்டு, அங்கே பாப்பா இல்லை என்று அம்மா சொல்லிவிட்டால்? நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"வாட்டர் டேங்க்! வாட்டர் டேங்க் இறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க!"

டெலிபோன் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். பையை மாட்டிக்கொண்டார். புடவையை நீவிவிட்டுக்கொண்டார். கண்டக்டர் தோள் கொடுக்க, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். தோட்டத்து வாசலில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் மூச்சுவிடவில்லை. கண்டக்டரும் விடவில்லை.

"பாப்பா" என்றார். "ரொம்ப நேரமா தனியா நிக்கிறியா?"

மகளின் மாஸ்க் நனைந்துவிட்டது. இத்தனை மாதமாகப் பூட்டிய கேட்டுக்கு வெளியே வந்து வந்து நின்றுவிட்டுப் போனவள் தலையை ஆட்டினாள். "இல்லம்மா. இப்பத்தான் வந்தேன்."

டெலிபோன் அம்மாவுக்கு நிம்மதியாயிற்று. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பி, வாசலில் நின்ற கண்டக்டரை மகளுக்குக் காட்டினார்.

"இவர்தான் பாப்பா. வந்தா கூப்பிடுறேன்னு சொன்னார். மறக்காமக் கூப்பிட்டார்."

கண்டக்டர் ஏதாவது சொல்வார் என்று பெரிய சிஸ்டர் காத்திருந்தார். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வேலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவருக்கு இல்லாமல் போயிற்று.